பாணேர் குகையும் பக்க எண்ணும்

புனே பல்கலைக்கழகச் சந்திப்பிலிருந்து வடமேற்காகக் கிளம்புகிறது பாணேர் சாலை. நடுவில் ஹிஞ்சவடி மெட்ரோவின் தூண்கள். இரு பக்கமும் பல் மருத்துவமனை, கார் ஷோரூம், மிசல் கடை, இன்னும் கட்டி முடிக்காத அடுக்ககங்களின் விளம்பரப் பலகை. ஒரு காலத்தில் வயலும் ஓடையுமாகக் கிடந்த கிராமம் என்று சொன்னால் புதிதாக வருகிறவர்கள் நம்ப மாட்டார்கள். ஆனால் அந்தக் கிராமம் முழுசாகப் போய்விடவில்லை. மும்பை – பெங்களூர் நெடுஞ்சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு குன்று நிற்கிறது. உச்சியில் துகாய் தேவி கோயில். அடிவாரத்தில், பாறையைக் குடைந்த குகைக்குள் பாணேஷ்வர் என்ற சிவன்.

அந்தக் குகையைப் பார்க்கத்தான் போனேன். தமிழ் விக்கிப்பீடியாவில் குடைவரைகளைப் பற்றி அவ்வப்போது எழுதுகிறவன் நான். மாமண்டூர், மண்டகப்பட்டு என்று நம் பக்கத்துக் குகைகளை முடித்துவிட்டு மகாராஷ்டிரத்தின் பக்கம் திரும்பியிருக்கிறேன். அக்கா மகள் ஹிஞ்சவடியில் வேலை பார்க்கிறாள், குடியிருப்பது பாணேரில். அவளும் சமீபத்தில் விக்கிப்பீடியாவில் பயனர் கணக்குத் தொடங்கியிருந்தாள். தொடங்கிய வேகத்தில், விக்கிப்பீடியாவின் படக் கிடங்கான விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றிய படங்களில் பாதி நீக்கப்பட்டு, அவள் பேச்சுப் பக்கம் முழுக்க எச்சரிக்கை வார்ப்புருக்களாகத் தொங்கின. "என்னைத் திருடி மாதிரி பேசுறாங்க மாமா" என்று ஸ்டேஷனிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

காலை ஆறரைக்கெல்லாம் குன்றில் நடைப்பயிற்சிக் கூட்டம். பாதையின் ஓரங்களில் தன்னார்வலர்கள் நட்டு வளர்த்த மரங்கள். மேலே நின்றால் ஒரு பக்கம் நெடுஞ்சாலையும் ஹிஞ்சவடிக் கோபுரங்களும் தெரிகின்றன. கீழே குகைக்கு வந்தபோது வாசலில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். என் அரைகுறை இந்திக்கு அவர் மராத்தி கலந்த இந்தியில் பதில் சொன்னார். பாண்டவர்கள் வனவாசத்தில் இங்கே தங்கினார்களாம். ஒரே இரவில் குகையைக் குடைந்தார்களாம். இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஊரில் எல்லோருக்கும் தெரியும்" என்றார்.

கலைக்களஞ்சியத்துக்கு எழுதுகிறவன் மாட்டிக்கொள்ளும் இடம் இது. அவர் சொன்னது பொய் என்று நான் எழுத முடியாது, மெய் என்றும் எழுத முடியாது. "பாண்டவர் தங்கியதாக உள்ளூர் மக்கள் நம்புகிறார்கள்" என்று எழுதலாம். ஆனால் அதற்கும் அப்படி நம்புகிறார்கள் என்று யாராவது அச்சில் பதிந்திருக்க வேண்டும். நான் வாசலில் உட்கார்ந்து கேட்டது செல்லாது. விக்கிப்பீடியா தன் பங்களிப்பாளரைச் சாட்சியாக ஏற்பதில்லை. நேரில் பார்த்தேன் என்பது பத்திரிகைக்காரனுக்குப் பெருமை, விக்கிக்காரனுக்கு அது "சுய ஆய்வு". புதியவர்களுக்கு இந்த விதி எரிச்சலைத் தரும். எனக்கும் தந்ததுண்டு.

அக்கா மகள் செல்பேசியில் தேடினாள். பாண்டவர் கதை பத்துப் பதினைந்து இணையப் பக்கங்களில் இருந்தது. வாசித்தால், எல்லாவற்றிலும் ஒரே வாக்கியம், ஒரே சொற்கள். முக்கால்வாசி அடுக்ககம் விற்கிறவர்கள் எழுதிய "பாணேரில் வாழ்வது எப்படி" வகைக் கட்டுரைகள். ஆங்கில விக்கிப்பீடியாவிலிருந்து யாரோ எடுத்து எழுத, அவரைப் பார்த்து இன்னொருவர் எழுத, பிறகு அதே பக்கத்தைச் சான்றாகக் காட்டி விக்கிப்பீடியாவிலேயே ஒருவர் அடிக்குறிப்பு போட்டுவிடுவார். வட்டம் முடிந்தது. பத்துப் பேர் சொன்னதாகத் தெரியும். சொன்னது ஒருவர்தான், அவர் யாரென்று தெரியாது.

பாண்டவர்களுக்குச் சான்று கேட்பதற்கு இந்தியாவிலேயே மிகப் பொருத்தமான ஊரில்தான் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் உறைத்தது. பாணேரிலிருந்து நகருக்குள் வந்தால் பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம். 1917 ஜூலை 6 அன்று தொடங்கப்பட்டது. மகாபாரதத்தின் செம்பதிப்பு வேலையை 1919இல் ஆரம்பித்து 1966இல் முடித்தார்கள். 1259 சுவடிகளை ஒப்பிட்டு 19 தொகுதிகள். 1925இலிருந்து பொதுப் பதிப்பாசிரியராக இருந்த வி. எஸ். சுக்தங்கர் 1943இல் மறைந்தார். அவருக்குப் பின் பெல்வல்கரும் வைத்யாவும் தொடர்ந்தார்கள். கிரந்தம், தெலுங்கு, மலையாளம் என்று தென்னாட்டு எழுத்துச் சுவடிகளும் கணக்கில் வந்தன. ஒப்பிடும் வேலையில் ஒரு பகுதி நம் தஞ்சை சரசுவதி மகாலிலும் நடந்தது. பணி நிறைவு விழாவில் முடிந்த பதிப்பை வெளியிட்டவர் திருத்தணியில் பிறந்த குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன்.

அந்தத் தொகுதிகளில் ஒன்றைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். பக்கத்தின் மேலே சில வரி சுலோகம், கீழே எறும்பு ஊர்கிற மாதிரி பொடி எழுத்தில் பாடபேதக் குறிப்புகள். எந்தச் சுவடியில் இந்தச் சொல் இல்லை, எதில் வேறு சொல், எதில் இரண்டு வரி கூடுதல் என்று ஒன்றுவிடாமல் இருக்கும். பல பக்கங்களில் குறிப்பே மூலத்தைவிட அதிக இடம் பிடித்திருக்கும். இதில் எனக்கு மிகப் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. வியாசர் சொல்லச் சொல்லப் பிள்ளையார் தந்தத்தால் எழுதினார் என்பது நமக்கெல்லாம் மனப்பாடமான கதை. மூலம் என்று கொள்ளத்தக்க சுவடிகளின் ஆதரவு அதற்கு இல்லை என்று பதிப்பாசிரியர்கள் அதைப் பிற்சேர்க்கைக்கு அனுப்பிவிட்டார்கள். திலகர் 1893இல் பொது விழாவாக்கிய நாளிலிருந்து விநாயகர் சதுர்த்தியை உயிராகக் கொண்டாடுகிற புனேயில் உட்கார்ந்துகொண்டு அதைச் செய்தார்கள்! கதையை அழிக்கவில்லை, கேலி செய்யவில்லை. எந்தச் சுவடிகளில் இருக்கிறது என்று எழுதிப் பின்னால் வைத்தார்கள். "சான்று தேவை" என்ற வார்ப்புருவை இதைவிட மரியாதையாக யாரும் போட்டதில்லை.

இதே ஊரில்தான் இதற்கு நேர்மாறானதும் நடந்தது. 2011இன் நடுவில் விக்கிமீடியா அறக்கட்டளை இந்தியாவில் ஒரு கல்வித் திட்டத்தை வெள்ளோட்டம் விட்டது. தேர்ந்தெடுத்த ஊர் புனே. புனே பொறியியல் கல்லூரி, சிம்பயாசிஸ் பொருளியல் கல்லூரி, எஸ்என்டிடி மகளிர் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் வகுப்புகள் சேர்ந்தன. மாணவர்கள் பருவத் தேர்வுக்குக் கட்டுரை எழுதுவதற்குப் பதிலாக ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுத வேண்டும், அதற்கு மதிப்பெண். கேட்க நன்றாகத்தான் இருந்தது. சில வாரங்களில் பாடப்புத்தகப் பத்திகளும் இணையதளப் பத்திகளும் அப்படியே வந்து விழத் தொடங்கின. ஒரு கணக்கு தடுக்கப்பட்டால் வகுப்பில் பக்கத்து இருக்கையிலிருந்து அடுத்தது வரும். உலகம் முழுக்க இருந்த தன்னார்வலர்கள் தங்கள் வேலையைப் போட்டுவிட்டு, வரிவரியாக எது எங்கிருந்து எடுத்தது என்று தேடிக்கொண்டிருந்தார்கள். நவம்பரில் திட்டம் நிறுத்தப்பட்டது. அதன் பிறகும் வெகுகாலம் துப்புரவு ஓயவில்லை. ஆங்கில விக்கிப்பீடியாவில் இந்தத் திட்டத்துக்கென்றே தனியாக ஒரு பதிப்புரிமை விசாரணைப் பக்கம் திறக்க வேண்டியிருந்தது.

அந்தச் சமயத்தில் ஆங்கில விக்கிப்பீடியாவின் விவாதங்களில் "இந்திய மாணவர்கள்" என்று பொத்தாம்பொதுவாகச் சிலர் எழுதியதை இப்போது வாசித்தாலும் கோபம் வருகிறது. பையன்கள் செய்தது தப்புதான். ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு வரை நோட்ஸில் இருப்பதை ஒரு வார்த்தை மாறாமல் எழுதினால் முழு மதிப்பெண் கொடுத்துவிட்டு, திடீரென்று ஒரு நாள் அதுவே திருட்டு என்றால் எப்படி? சொல்லிக்கொடுக்க வந்த ஆசிரியர்களில் பெரும்பாலோர் விக்கியில் ஒரு கட்டுரைகூடத் தொகுத்ததில்லை. உதவிக்கு அமர்த்திய கேம்பஸ் தூதர்களிலும் பலர் அப்போதுதான் கற்றுக்கொண்டு வந்தவர்கள். தமிழ்நாட்டில் இதை நடத்தியிருந்தால் வேறு மாதிரி முடிந்திருக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். கோனார் உரை படித்து வளர்ந்த கூட்டம்தானே நாம்.

ஒரு தகவல் யாருக்கும் சொந்தமில்லை, அதைச் சொன்ன வாக்கியம் சொன்னவருக்குச் சொந்தம். இந்த ஒன்றை முதல் வகுப்பிலேயே புரியவைத்திருந்தால் பாதிச் சங்கடம் தீர்ந்திருக்கும். வாக்கியத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டுமென்றால் அதற்கும் வழி உண்டு, உரிமைக்காலம் முடிந்த நூல்களுக்குப் போக வேண்டும். புனேயிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கித் திரும்பிய ஸ்ரீதர் வெங்கடேஷ் கேத்கர், 1920களில் இங்கிருந்து 'மகாராஷ்டிரீய ஞானகோசம்' என்று மராத்தியின் முதல் பெரிய கலைக்களஞ்சியத்தை 23 தொகுதிகளாகக் கொண்டுவந்தார். பங்கு விற்று, ஊர் ஊராகச் சந்தா பிடித்து நடத்தியவர். 1937இல் இறந்தார்; அவர் எழுத்தின் உரிமைக்காலம் எப்போதோ முடிந்துவிட்டது. அதிலிருந்து பத்தி பத்தியாக எடுக்கலாம். எங்கிருந்து எடுத்தோம் என்று மட்டும் சொல்லிவிட வேண்டும்.

அக்கா மகளின் படங்களுக்கு வருகிறேன். மிசல் கடையில் உட்கார்ந்து நீக்கல் அறிவிப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தோம். முதல் படம் பாணேர் பக்கத்து ராம்நதியின் பழைய காட்சி. "இதை நீ எடுத்தியா?" "ஃபிரண்டு ஃபேஸ்புக்ல போட்டிருந்தா. அவகிட்ட கேட்டுட்டுத்தான் எடுத்தேன்." ஏற்றும்போது "என் சொந்தப் படைப்பு" என்ற பெட்டியில் டிக் அடித்திருக்கிறாள். ஃபேஸ்புக்கிலிருந்து இறக்கிய படங்களின் உள்விவரத்தில் பெரும்பாலும் எஃப்பிஎம்டி என்று தொடங்கும் ஒரு குறி ஒட்டிக்கொண்டிருக்கும். பொதுவகத்தில் காவல் பார்க்கிறவர்கள் முதலில் தேடுவது அதைத்தான். கேமரா பெயர் இல்லை, எடுத்த நேரம் இல்லை, அளவு சின்னது, கூடவே இந்தக் குறி. அவ்வளவு போதும். தோழி மனமுவந்து கொடுத்தது உண்மைதான். ஆனால் அவள் கொடுத்தது இவளிடம், உலகத்திடம் அல்ல. அந்தத் தோழியே தன் கணக்கிலிருந்து ஏற்றலாம், அல்லது எந்த உரிமத்தில் விடுகிறேன் என்று அனுமதிக் குழுவுக்கு மின்னஞ்சல் எழுதலாம்.

இரண்டாவது, மேம்பாலச் சுவரில் வரைந்திருந்த ஓவியம். இதில் அவள் பக்கம் நியாயம் இருந்தது. "நான் நின்னு நான் எடுத்த படம் மாமா. பொது இடம். வேற என்ன வேணும்?" இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் கட்டடத்தையும் சிற்பத்தையும் படமெடுத்து வெளியிட அனுமதிக்கிறது. சனிவார் வாடா வாசலில் குதிரை மேல் இருக்கும் பாஜிராவை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஓவியத்துக்கு அந்தச் சலுகை இல்லை. சினிமாப் படத்தின் பின்னணியில் அதே ஓவியம் வந்தால் தப்பில்லை, நிழற்படமாகப் போட்டால் தப்பு. சட்டம் எழுதியவர்கள் 1957இல் மேம்பாலத் தூண்களை நினைத்திருக்க மாட்டார்கள். மாநகராட்சிகள் போட்டி போட்டுக்கொண்டு சுவரெல்லாம் வண்ணமடிக்கும் இந்தக் காலத்தில் இந்தப் பிரிவைத் திருத்த வேண்டும் என்பது என் கட்சி.

ஓவியத்தின் மூலையில் வரைந்தவரின் கையெழுத்தும் செல்பேசி எண்ணும் இருந்தன. படத்தைப் பெரிதாக்கி எண்ணைப் படித்து அங்கேயே கூப்பிட்டோம். இளைஞர் குரல். விஷயத்தைச் சொன்னதும், "தாராளமா போடுங்க, என் பேரைப் போட்டாப் போதும்" என்றார். அவருக்கு ஒரே சந்தோஷம். ஆனால் வாய்ச்சொல் போதாது. விக்கிப்பீடியாவுக்கு மட்டும் அனுமதி என்றாலும் போதாது. நாளைக்கு ஒரு நாட்காட்டிக் கம்பெனி அதை அச்சடித்து விற்றாலும் பரவாயில்லை, என் பெயரைப் போட்டு இதே உரிமத்தில் விடட்டும் என்று அவர் எழுதித்தர வேண்டும். அதைச் சொன்னபோது எதிர்முனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. "யோசிச்சு சொல்றேன்" என்றார். யோசிக்கட்டும், அது அவர் உரிமை. வணிகத்துக்குக் கூடாது என்று நிபந்தனை போட்டால் பொதுவகம் ஏற்காது. பள்ளிக்கூடத்து வழிகாட்டி நூல்கூட விலைக்குத்தான் விற்கிறது என்பது அதற்குக் காரணம். அனுமதி வாங்கப் போகிறவர்கள் இந்தப் பகுதியை மென்று விழுங்காமல் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது படம் அவள் கல்யாண ஆல்பத்தில் வாடா பாணிக் கட்டடம் ஒன்றின் முன்னால் எடுத்தது. இதில் சட்டம் நாம் நினைப்பதற்கு நேர்மாறு. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது 17ஆம் பிரிவு. ஸ்டுடியோக்காரர் ரசீதின் பின்பக்கம் வேறு எதையாவது அச்சடித்திருக்கிறாரா என்று பார்க்கச் சொன்னேன். சும்மா வழிப்போக்கரிடம் செல்பேசியைக் கொடுத்து எடுக்கச் சொன்ன படமோ வழிப்போக்கருடையது. பல பிரமுகர்கள் தங்கள் படத்தைத் தாங்களே ஏற்றி மாட்டிக்கொள்வது இங்கேதான்: முகம் என்னுடையது என்பதால் படம் என்னுடையது ஆகிவிடாது.

பிற்பகல் நகருக்குள் இருக்கும் பாதாளேஷ்வர் குடைவரை. ஜங்லி மகாராஜ் சாலையின் இரைச்சலிலிருந்து சில படி இறங்கினால் எட்டாம் நூற்றாண்டு. கருங்கல் தரையை மேலிருந்து கீழாக வெட்டி இறக்கி முற்றமாக்கி, நடுவில் வட்டமான நந்தி மண்டபத்தைப் பாறையிலேயே விட்டுவைத்திருக்கிறார்கள். குடைபோல் கவிந்த கூரை, அதைத் தாங்கும் கட்டைத் தூண்கள். உள்ளே தூண்களில் அலங்காரம் இல்லை. வேலை முடியாமலே விட்டதாகத் தெரிகிறது. நம் பல்லவர் குடைவரை பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த வட்டம் புதுசு. இந்தக் குகைக்குச் சான்றுப் பஞ்சம் இல்லை. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, 1885இல் வந்த பம்பாய் மாகாண கெசட்டியரின் பூனா தொகுதி பஞ்சாலேஷ்வர் என்ற பெயரில் விவரிக்கிறது. சிற்பிகளின் உரிமைக்காலத்தைப் பற்றிக் கவலையில்லை. துறை வைத்திருக்கும் தகவல் பலகையைப் படமெடுத்து ஏற்றக் கூடாது, அந்த வாசகம் துறையுடையது. படித்துக் குறித்துக்கொண்டு சொந்த நடையில் எழுதலாம். அக்கா மகள் பலகையை எடுத்தாள், "எனக்கு மட்டும் மாமா" என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டு.

லா காலேஜ் சாலையில் 1964இல் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தை ஆட்டோவில் தாண்டியபோது அவள் கேட்டாள், பழைய சினிமா ஸ்டில் போடலாமா என்று. பாண்டவர் பேச்சிலேயே இருந்ததால் 'கர்ணன்' நினைவுக்கு வந்தது. 1964 பொங்கலுக்கு வந்த படம். இந்தியாவில் திரைப்படத்துக்கு வெளியீட்டுக்குப் பின் 60 ஆண்டு, 2024 டிசம்பரோடு முடிந்தது. ஆனால் விக்கிமீடியாவின் வழங்கிகள் இருப்பது அமெரிக்காவில். 1996 தொடக்கத்தில் இந்தியாவில் உரிமை உயிரோடு இருந்த படைப்புகளுக்கு அந்த நாடு வெளியீட்டிலிருந்து 95 ஆண்டு தருகிறது. அந்தக் கணக்கில் 'கர்ணன்' 2060 வரை காத்திருக்க வேண்டும். பாடல் வரிக்கு வேறு கணக்கு. எழுதியவர் மறைந்ததிலிருந்து எண்ண வேண்டும்; கண்ணதாசன் மறைந்தது 1981இல். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். சிரிக்கிற விஷயம்தான்.

சட்டம் நம் கையில் இல்லை என்று சும்மா இருந்துவிடவும் முடியாது. புனேயில் அந்தத் திட்டத்தை மூடிய அதே 2011 நவம்பரில்தான் தமிழ் விக்கி ஊடகப் போட்டி தொடங்கியது, 2012 பிப்ரவரி வரை நடந்தது. தமிழர் வாழ்வு சார்ந்த படங்களைச் சொந்தமாக எடுத்துத் தாருங்கள் என்று கேட்டார்கள், ஆயிரக்கணக்கில் வந்தன. உரலும் உலக்கையும், கோலமும், வல்லமும், பனங்கிழங்கும் இன்று பல மொழி விக்கிப்பீடியாக்களில் தமிழர் எடுத்த படங்களாக நிற்கின்றன. பின்னால் தமிழ் இணையக் கல்விக்கழகம் நாட்டுடைமை நூல்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவற்றின் மின்படிகளைக் கட்டற்ற உரிமத்தில் கொடுத்தது. தமிழ் விக்கிமூலம் அதை வைத்துத்தான் வளர்ந்தது. பாரதி பாடல்களின் உரிமையை 1949இலேயே அரசு வாங்கி, பின்னர் பொதுவாக்கிய மாநிலத்துக்கு இது புதிய பழக்கமும் இல்லை. மற்ற மாநிலத்துக்காரர்கள் நம்மைப் பார்த்துப் பொறாமைப்படுவது இதற்காகத்தான், அதை நாம் அதிகம் பேசுவதில்லை.

மறுநாள் காலை இன்னொரு தடவை பாணேஷ்வருக்குப் போனோம். பெரியவர் இல்லை. அக்கா மகள் வாசலையும் படிகளையும் பொறுமையாக எடுத்தாள். கும்பிட வந்தவர்களின் முகம் விழாமல் ஒதுங்கி நின்று எடுத்தாள். மாலைக்குள் ஏற்றியும் விட்டாள்: எடுத்தவர் பெயர், தேதி, இடம், பெயர் சொல்லிப் பகிரலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் எல்லாம் சரியாக. அவை இன்றும் அங்கே இருக்கின்றன.

கட்டுரைதான் பாதியில் நிற்கிறது. புனேயிலும் பிம்ப்ரி-சிஞ்ச்வடிலும் நிறையத் தமிழர்கள் இருக்கிறீர்கள், மராத்தி படிக்கத் தெரிந்தவர்களும் உண்டு. பாணேர் குகையைப் பற்றிக் கோயில் மலரிலோ பழைய நாளிதழிலோ ஆய்வேட்டிலோ ஏதாவது கண்ணில் பட்டால், தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, பக்க எண் நான்கையும் குறித்துத் தமிழ் விக்கிப்பீடியாவில் 'பாணேர்' பேச்சுப் பக்கத்தில் போட்டுவிடுங்கள். நூலையே ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டாம்.